கீட்டோவும் கோழித் தீவனமும்

நாமக்கல்லில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் முட்டை விலை, அடுத்து மக்காச்சோள விலை, அதற்கப்புறம்தான் வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்கிற பேச்சு. கொஞ்ச நாளாக என்னைப் பார்ப்பவர்கள் அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். "ஏனுங், எளச்சுப் போயிட்டீங்களே, அந்தக் கீட்டோவா இருக்கறீங்க? நெசமாலுமே எடை குறையுமுங்களா?" சோறு மாதிரி மாவுச்சத்தை ஏறக்குறைய நிறுத்திவிட்டு, முட்டை, கறி, நெய் என்று கொழுப்பில் வயிற்றை நிரப்புகிற உணவுமுறையைத்தான் கேட்கிறார்கள். டீக்கடையில் கேட்கிறார்கள், கல்யாண மண்டபத்தில் கேட்கிறார்கள், கோழி ஷெட்டில் எரு வாசத்துக்கு நடுவில் நின்றுகொண்டும் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. இங்கே எழுதி வைத்துவிட்டால் லிங்க்கை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

நான் டாக்டர் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. முட்டைக்கோழிக்குத் தீவனக் கணக்குப் போடுகிறவன். ஒரு டன்னுக்கு மக்காச்சோளம் எவ்வளவு, சோயா புண்ணாக்கு எவ்வளவு, தவிடு, கிளிஞ்சல், எண்ணெய் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. மனுஷன் கோழியில்லை, தெரியும். ஆனால் எதைப் போட்டால் எவ்வளவு தின்னும், தின்றது எங்கே போய்ச் சேரும் என்பதை எங்கள் ஆட்கள் அளவுக்குக் கிராம் கணக்கில் பார்ப்பவர்கள் குறைவு. ஒரு முட்டைக்கோழி நாளைக்கு 110 கிராம் சுமாருக்குத் தின்னும். அது 115 ஆகிவிட்டால், லட்சம் கோழி வைத்திருப்பவருக்கு ஒரு நாளைக்கு அரை டன் தீவனம் கூடுதல் செலவு. மனுஷர் ராத்திரி தூங்கமாட்டார்.

கேட்டதற்கு நேரடியாகச் சொன்னால், குறையும். எனக்குக் குறைந்தது, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது. என் மச்சினனுக்கு என்னைவிட அதிகமாகக் குறைந்தது, அப்புறம் ஏறவும் ஏறியது. எதனால் குறைகிறது என்கிற இடத்தில்தான் எனக்கும், யூடியூப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் ஒத்துவரவில்லை.

தமிழ்நாட்டில் இது பேலியோ என்ற பெயரில்தான் முகநூல் வழியாகப் பரவியது. காலையில் நெய்யில் வறுத்த 100 பாதாம், வெண்ணெய் போட்ட டீ, மதியம் முட்டையோ கறியோ, ராத்திரி பன்னீர். மாவுச்சத்தை இன்னும் இறுக்கிப் பிடித்து நாளைக்கு 20 முதல் 50 கிராமுக்குள் கொண்டுவந்தால் அது கீட்டோ. 100 கிராம் அரிசியில் மட்டும் கிட்டத்தட்ட 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது என்றால், மதியம் ரெண்டு கரண்டி சோற்றிலேயே ஒரு நாள் கணக்கு தீர்ந்துபோகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாவு வரத்து நின்றால் கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் என்ற பொருளைச் செய்கிறது, மூளை அதை வைத்து ஓட்டிக்கொள்கிறது. 1921இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ரஸ்ஸல் வைல்டர் என்ற மருத்துவர் வலிப்பு நோய்க்காக முன்வைத்த முறை இது. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள குழந்தைகளுக்கு இன்றைக்கும் மருத்துவர் மேற்பார்வையில் தருகிறார்கள். தொப்பை குறைக்கிற சமாச்சாரமாக ஆனது ரொம்பப் பின்னால்.

மச்சினன் கதைக்கு வருகிறேன். திருப்பூரில் பவர் டேபிள், அதாவது பனியன் துணி தைக்கிற சின்ன யூனிட், வைத்திருக்கிறான். ஆர்டர் நெருக்கடி என்றால் ஒண்ணரை ஷிப்ட், ரெண்டு ஷிப்ட் என்று ஆட்களோடு அவனும் நிற்பான். கீட்டோ ஆரம்பித்த முதல் வாரமே போன். "மாமா, ஒரே வாரத்துல நாலு கிலோ போயிருச்சுங்! கொழுப்பு அப்படியே உருகுதுங்." நான் சொன்னேன், "உருகுனதுல முக்காவாசி தண்ணி மாப்ள." அவனுக்கு ஏக வருத்தம்.

ஆனால் விஷயம் அதுதான். நம் கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து இருப்பு இருக்கிறது, மொத்தம் ஒரு 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் முதலில் காலியாவது இந்த இருப்பு. அதோடு தண்ணீரும் போகும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளும், உப்புக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். முதல் வாரத்துத் தலைவலி, கிறுகிறுப்பு, கால் சுண்டி இழுப்பது எல்லாம் பெரும்பாலும் இதனால்தான். உப்புப் போட்ட எலும்பு சூப் குடித்தால் சரியாகிவிடுகிறது என்று அவனே பின்னால் கண்டுபிடித்தான். தராசு முள் இறங்கியது நிஜம், அதில் கொழுப்பின் பங்கு கொஞ்சம். ஒரு கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் பாதி திரும்பி வந்துவிடும்.

அதற்குப் பின்னாலும் அவனுக்கு மாதாமாதம் இறங்கியது. அது கொழுப்புதான். ஏன் இறங்கியது என்று பார்க்க, கீட்டோவுக்கு முந்தி அவன் என்ன தின்றுகொண்டிருந்தான் என்று பார்க்க வேண்டும். நாளைக்கு ஆறு டீ. டீக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம், 40 கலோரி. ஆறு டீக்கு 240. நாலு மணிக்குப் பேக்கரியில் முட்டை பப்ஸ். ராத்திரி ஷிப்ட் முடிந்து பதினோரு மணிக்கு ரோட்டுக்கடையில் புரோட்டா, சால்னா. வீட்டுக்கு வந்தால் மனைவி எடுத்து வைத்ததை வீணாக்கக்கூடாது என்று ரெண்டு தோசை. கீட்டோ என்று ஒரு வார்த்தை சொன்னதும் டீயில் சர்க்கரை போயிற்று, பப்ஸ் போயிற்று, புரோட்டா போயிற்று, அந்த ரெண்டு தோசையும் போயிற்று. குறையாமல் என்ன செய்யும்? அவன் கணக்கில் அது சோற்றை நிறுத்திய புண்ணியம். சோறு அவன் தின்றதே ஒரு வேளை.

இந்த உணவுமுறையின் பெரிய பலம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு விதி. "கொஞ்சமாச் சாப்பிடுங்க" என்று டாக்டர் சொன்னால் கொஞ்சம் என்பது அவரவர் வட்டலைப் பொறுத்தது. "மாவு கூடாது" என்றால் பேக்கரிக்கு உள்ளே போகவே வழியில்லை. கேக், பப்ஸ், பன், மிக்சர், ஜூஸ் எல்லாம் ஒரே கோட்டில் அடிபட்டுவிடும். பசியும் குறைவாகத்தான் எடுக்கிறது, அதை நானே பார்த்தேன். காலையில் நாலு முட்டை தின்றால் மதியம் ஒரு மணிக்குக்கூட வயிறு கத்தாது. நாலு இட்லி தின்ற அன்றைக்குப் பதினோரு மணிக்கே கை பிஸ்கட்டைத் தேடும்.

அப்படியானால் மாவைக் குறைப்பது மற்ற எல்லா வழியையும் விட மேலா? அங்கேதான் இல்லை என்கிறேன். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் கார்ட்னர் குழு 609 பேரை எடுத்து, ஒரு பாதியை மாவுச்சத்தையும் மறு பாதியைக் கொழுப்பையும் குறைக்கச் சொன்னது. சர்க்கரையும் மைதாவும் ரெண்டு பக்கத்துக்குமே ஆகாது, காய்கறி நிறையத் தின்ன வேண்டும். ஒரு வருடம் கழித்து எடை பார்த்தால் மாவு குறைத்தவர்கள் சராசரி 6 கிலோ, கொழுப்பு குறைத்தவர்கள் 5.3 கிலோ இறங்கியிருந்தார்கள். அந்த முக்கால் கிலோ புள்ளியியல்படி வித்தியாசமே இல்லை. ரெண்டு பக்கத்திலும் இருபது கிலோவுக்கு மேல் இறக்கினவர்கள் இருந்தார்கள், ஏற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள். மாவுப் பக்கத்து ஆட்களை ஆரம்பத்தில் 20 கிராமுக்கு இறக்கி, பிறகு தாக்குப்பிடிக்கிற அளவுக்கு ஏற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வருடக் கடைசியில் அவர்கள் வந்து நின்றது 130 கிராம் பக்கம். கீட்டோவிலேயே காலம் தள்ளுவது அவ்வளவு லேசில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மச்சினன் சண்டைக்கு வருவான். 2008இல் இஸ்ரேலில் டிமோனா என்ற ஊரில் 322 பேரை இரண்டு வருடம் வைத்துப் பார்த்தார்கள். மாவு குறைத்தவர்கள் 4.7 கிலோ, கொழுப்பு குறைத்தவர்கள் 2.9 கிலோ. இங்கே மாவு குறைத்தவர்கள் ஜெயித்தார்கள். அந்த ஆட்களுக்கு மதியச் சாப்பாடு வேலை செய்யும் இடத்துக் கேன்டீனிலேயே அவரவர் முறைப்படி தயாராக இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். என் வீட்டில் அது நடக்காது. எனக்கு முட்டை, அம்மாவுக்குக் களி, பையனுக்கு நூடுல்ஸ் என்று மூன்று அடுப்பு மூட்ட என் மனைவி தயாராக இல்லை.

எனக்குப் பொறி தட்டியது வேறு இரண்டு ஆய்வுகளில். 2021இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் கீட்டோ உணவு, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த தாவர உணவு. ரெண்டிலும் வேண்டிய மட்டும் தின்னலாம். ரெண்டிலும் புரதம் 14 சதவீதம் என்று சமமாக வைத்துவிட்டார். கீட்டோ இருந்தபோது அந்த ஆட்கள் நாளைக்கு 689 கலோரி அதிகமாகத் தின்றார்கள்! ரெண்டிலும் எடை குறைந்தது. கீட்டோவில் முதல் வாரம் வேகமாகவே குறைந்தது. ஆனால் உடம்புக் கொழுப்பு குறிப்பிடும்படி இறங்கியது தாவர உணவில்தான்.

இன்னொன்று பழையது, 2005. 19 பேருக்கு மாவுச்சத்தைத் தொடாமல் 50 சதவீதத்திலேயே நிறுத்திவிட்டு, கொழுப்பைக் குறைத்து, புரதத்தை மட்டும் 15லிருந்து 30 சதவீதமாக ஏற்றினார்கள். யாரும் அளந்து தின்னச் சொல்லவில்லை. அவர்களாகவே நாளைக்கு 441 கலோரி குறைத்துத் தின்றார்கள், 12 வாரத்தில் சராசரி 4.9 கிலோ இறங்கியது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புரதத்தை ஏற்றாமல் மாவைக் குறைத்தால் ஆள் தின்பது குறையவில்லை. மாவைக் குறைக்காமல் புரதத்தை ஏற்றினால் குறைந்துவிட்டது.

இதைப் படித்த அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறிக்கோழித் தீவனம் போடுகிறவனுக்கு இது முதல் பாடம். தீவனத்தில் கலோரிக்கு ஏற்ற புரதம் இல்லையென்றால், கோழி அந்தப் புரதத்தை எட்டிப்பிடிக்கத் தொடர்ந்து தின்னும். கூட வந்த கலோரியெல்லாம் அடிவயிற்றில் மஞ்சள் கட்டியாகப் போய் உட்காரும். கறிக்கடைக்காரர் அறுத்துவிட்டுத் தீவனக்காரனைத் திட்டுவார். மனுஷர்களிடமும் இதே மாதிரிதான் நடக்கிறது என்று சிம்ப்சன், ராபன்ஹைமர் என்ற இரண்டு பேர் 2005இல் ஒரு கருதுகோளாகவே எழுதியிருக்கிறார்கள்.

மில்லில் வேலை இல்லாத ஒரு மத்தியானம், எங்கள் வீட்டு அரிசிம்பருப்புச் சோற்றைத் தீவனக் கணக்குப் போடும் கம்ப்யூட்டரிலேயே ஏற்றிப் பார்த்தேன். முக்கால் பங்கு அரிசி, கால் பங்கு துவரம்பருப்பு, இதுதான் எங்கள் பக்கத்து அளவு. புரதம் 11 சதவீதத்தைத் தொடவில்லை. முட்டைக்கோழிக்கு நான் வைப்பது 17 பக்கம். இந்தத் தீவனத்தை ஒரு ஷெட்டில் கொண்டுபோய்ப் போட்டால் முட்டை சடசடவென்று இறங்கி, பண்ணைக்காரர் என் சட்டையைப் பிடிப்பார். இதன் மேல் ரெண்டு ஸ்பூன் நெய் விட்டால் கலோரி ஏறி, புரத விகிதம் இன்னும் கீழே போகிறது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல் வேறு. கோழிக்குக் கொடுக்கிற மரியாதைகூட நமக்கு நாம் கொடுத்துக்கொள்வதில்லை.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். மனைவி கடுகு டப்பாவை மூடிக்கொண்டே, "ஏனுங்க, கோழிக்குக் கலக்கறதோட நிறுத்திக்கங்க. என்ற அடுப்படியில தராசு வெச்சீங்கன்னா நல்லா இருக்காது" என்றாள். அம்மாவுக்கு அது வேறு மாதிரி காதில் விழுந்திருக்கிறது. "ஏஞ் சாமி, சோத்து மேல என்ன கோவம் உனக்கு?"

சோற்றின் மேல் கோபமெல்லாம் இல்லை. ஆனால் நம் தட்டில் அது ஏறிக்கொண்டே போய்விட்டது. ஐசிஎம்ஆர் என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் எடுத்த நாடு தழுவிய கணக்கெடுப்பின் உணவுப் பகுதி 2025இல் வெளிவந்தது. இந்தியர்கள் தின்னும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம் சுமார். இதே ஐசிஎம்ஆர் ஆய்வின் 2023 வெளியீட்டில் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல் என்று வந்தது. 2025 ஆய்வில் எங்கள் பக்கம் எல்லாரும் படிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய தானியத்துக்குப் பதில் முழுக்கோதுமையோ சிறுதானியமோ மாற்றிக்கொண்டதால் மட்டும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை. மாவில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பருப்பு, பால், முட்டை, மீன் மாதிரி புரதத்தை வைத்தவர்களுக்குத்தான் குறைவு.

இதை நான் சொன்னால் இங்கே யாருக்கும் பிடிக்காது. திருச்செங்கோடு ரோட்டில் எத்தனை கம்மங்கூழ்க் கடை! கம்பு, ராகி, சாமை, தினை எதை எடுத்தாலும் 100 கிராமுக்கு 60, 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரிசியைவிட நார்ச்சத்து உண்டு, இரும்பு, கால்சியம் உண்டு, நல்ல பண்டம், சந்தேகமில்லை. ஆனால் எடை குறைக்கக் களி தின்கிறேன் என்று ரெண்டு உருண்டை விழுங்கினால் அது ரெண்டு உருண்டை மாவுதான். அப்புச்சி காலத்தில் களி தின்றுவிட்டுக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள், காடு உழுதார்கள். நாம் தின்றுவிட்டு ஸ்கூட்டர் ஓட்டுகிறோம்.

"மாவுதான் கொழுப்பாகுது, கொழுப்பு தின்னா கொழுப்பு ஏறாது" என்று பேலியோக்காரர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நான் கையாலேயே தொட்டிருக்கிறேன். கூண்டில் நன்றாக முட்டை வைத்துக்கொண்டிருக்கும் கோழி, கொண்டை வெளிறி, திடீரென்று செத்துக் கிடக்கும். எடை பார்த்தால் மற்ற கோழிகளைவிடக் கனமாக இருக்கும். அறுத்துப் பார்த்தால் கல்லீரல் ஈரல் நிறத்திலேயே இருக்காது. பழுத்த பப்பாளி மாதிரி மஞ்சளாக, விரல் வைத்தால் அமுங்கும். ஒரு ஓரம் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கட்டியிருக்கும். கல்லீரல் கொழுப்பு ரத்தக்கசிவு நோய். நடமாட்டம் இல்லாமல், மக்காச்சோளத்திலிருந்து தேவைக்கு மேல் கலோரி போனால் வருவது. கோழிக்குக் கொழுப்பு தயாராகும் இடமே பெரும்பாலும் கல்லீரல்தான். மாவு நிறையத் தின்றால் கொழுப்பு சேரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மற்றப் பாதியை அவர்கள் சொல்வதில்லை. இந்த நோய்க்கு மூலம் தேவைக்கு மேல் போன கலோரி. தேங்காய் எண்ணெயிலிருந்து வந்தாலும் பாதாமிலிருந்து வந்தாலும் உடம்புக்கு அது கலோரிதான். ஒரு கிராம் மாவு 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9. 100 பாதாம் என்பது 120 கிராம் வரும், 700 கலோரி. மச்சினனுக்கு எடை நின்றுபோனது இந்த இடத்தில்தான். ஆரம்பத்தில் முட்டை, கோழி, கீரை என்று இருந்தவன், ஆறேழு மாதத்தில் சலித்துப்போய் சீஸ், பாதாம் மாவு கேக், தேங்காய் பர்பி, வெண்ணெய் காபி என்று இறங்கிவிட்டான். எல்லாவற்றிலும் "கீட்டோ" என்று எழுதியிருந்தது. மாவு ஏறவில்லை, கலோரி ஏறிவிட்டது. அப்புறம் தை மாதம் வந்தது. திருப்பூரில் இருப்பவனுக்குத் தை மாத முகூர்த்தம் என்றால் ஒரு நாளைக்கு மூன்று மண்டபம். வைத்த மொய்க்கு ஒரு வாய் ஒப்புட்டாவது தின்னாமல் வருவானா?

கிடா விருந்தில் மட்டும் கீட்டோக்காரர்கள் ராஜா. போன வருடம் பரமத்தி வேலூர்ப் பக்கம் ஒரு குலதெய்வக் கோயிலுக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தென்னந்தோப்பில் பந்தி. சோற்றுப் போசியோடு ஒரு தம்பி வர, இவன் இலை மேல் கையை விரித்து மறைத்து, "சோறு வேண்டாமுங், கறி மட்டும் போடுங்க" என்றான். தலைக்கறி, குடல், எலும்புக் குழம்பு, மறுபடி கறி. எதிர்ப் பந்தியில் இருந்த பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்து ஆளிடம் சொன்னார்: "மூணு ஒரம்பரைக்கு ஆகற கறியை ஒருத்தரே திங்கறதுக்குப் பேருதான் டயட்டாக்கும்."

சிரிப்பை விட்டுவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் அத்தைக்குச் சர்க்கரை. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் சோற்றை அடியோடு நிறுத்தினால் மாத்திரையே தேவையில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். "ஏங்கண்ணு, நெசமா?" என்று மாத்திரை அட்டைகளை மடியிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். ஒன்றில் கிளிமிபிரைடு, ஒன்றில் டாபாகிளிஃப்ளோசின். முதல் மாத்திரை இன்சுலினைச் சுரக்கவைப்பது. அதைப் போட்டுக்கொண்டு சோற்றையும் நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் போட்டுவிடும். இரண்டாவது இன்னும் வம்பு. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் வகை. அதோடு கடும் கீட்டோவும் சேர்ந்தால், ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறியிருக்காது, அதனால் வீட்டுக் கருவியில் பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது. இந்த வகை மாத்திரைகளால் அமிலம் ஏறுவது பற்றி அமெரிக்க மருந்துத் துறை 2015லேயே எச்சரித்திருக்கிறது. மாவைக் குறைப்பது சர்க்கரைக்கு நல்லது என்பதில் மருத்துவ உலகத்துக்கே பெரிய மறுப்பு இல்லை; மாத்திரையைச் சரிசெய்யாமல் குறைப்பதுதான் வம்பு. அத்தையை டாக்டரிடம் அனுப்பினோம். அவர் ஒரு மாத்திரையைக் குறைத்து, சோற்றைப் பாதியாக்கச் சொன்னார். நடுவில் நிற்கிற இந்த வைத்தியம் அத்தைக்குச் சப்பென்று இருந்தது, சோறு பாதியாவது மிஞ்சியதில் சந்தோஷமும்தான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் இந்தப் பக்கமே தாங்களாக வர வேண்டாம். மற்றவர்களும் ஆரம்பிக்கும் முன் ஒரு தடவை, மூன்று மாதம் கழித்து ஒரு தடவை கொலஸ்ட்ரால் பார்த்துவிடுங்கள். சிலருக்கு ட்ரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு அழகாக இறங்கும், கூடவே எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் மளமளவென்று ஏறும்.

நான் இப்போது எதில் இருக்கிறேன் என்று கேட்டால் அதற்குப் பெயர் இல்லை. கண்டிப்பான கீட்டோவை விட்டு ரொம்ப நாளாயிற்று. இறங்கியதில் மூன்று கிலோ சுமார் திரும்பி வந்தது, அங்கேயே நிற்கிறது. காலையில் முட்டை, மஞ்சள் கருவோடுதான். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 70 கலோரி, மாவு ஒரு கிராம்கூட இல்லை. மதியம் ஒரு கரண்டி சோறு, கோழியோ மேட்டூர் அணை மீனோ, பொரியல் நிறைய. ராத்திரி பச்சைப்பயறு கடைசல் அல்லது கொள்ளுப் பருப்பு, தயிர். நான் கோழித் தீவனத்தில் சம்பளம் வாங்குபவன், முட்டை தின்னச் சொல்வதில் எனக்கு லாபம் உண்டு என்பதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

தராசு வேண்டாம் என்று சொன்ன அடுப்படியிலும் ஒரு மாற்றம் நடந்தது. அரிசிம்பருப்புக்கு அரிசி அரை டம்ளர், பருப்பு அரை டம்ளர். புரதம் 11க்குக் கீழே இருந்தது 14க்கு மேலே வந்துவிடுகிறது. முதல் தடவை குழைந்து களிம்பாகப் போய்விட்டது, பையன் வட்டலைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். இப்போது மனைவி பருப்பை முன்கூட்டி ஊறவைக்காமல், தண்ணீரைக் குறைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் எச்சாகத் தட்டிப்போட்டு, ஒரு விசில் முன்னாலேயே இறக்குகிறாள். உதிரியாக வருகிறது. அம்மாவுக்கு மட்டும் பழைய அளவில் தனிச் சட்டி. எண்பதைத் தொடுகிறவர்களுக்கு எடை குறைய வேண்டியதும் இல்லை.

புரட்டாசியில் என்ன செய்வீர்கள் என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த மாதம் பாதி ஊர் கறி, முட்டை தொடாது. பண்ணையில் முட்டை தேங்கி விலை சரியும், எங்கள் மில்லில் எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். கண்டிப்பான கீட்டோ ஆட்களில் எனக்குத் தெரிந்து பலபேருக்குக் கயிறு அறுவது அந்த மாதத்தில்தான். பன்னீரையும் தேங்காயையும் எத்தனை நாள் தின்பது? எங்கள் வீட்டில் கொள்ளு முளைகட்டிக் கடைகிறோம். கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம், மாவும் 57 கிராம் இருக்கிறது, கீட்டோவுக்கு ஆகாது, எனக்கு ஆகும். சாயங்காலம் அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. தயிர் கொஞ்சம் கூடுதல். சனிக்கிழமை விரதம் விட்டதும் வடை, பாயசத்தோடு இலைச் சாப்பாடு, அதில் கை வைக்காமல் இருப்பதில்லை. மாதக் கடைசியில் ஒரு கிலோ ஏறியிருக்கும். ஐப்பசி பிறந்து முட்டை விலை ஏறத் தொடங்கும்போது அது இறங்கிவிடுகிறது.